சிகாகோவில் முற்போக்குப் பேச்சு வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவுக்குப் புதிதாகக் குடிவந்து, நகர அரசியலைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளே இதில் அதிகம். வேட்பாளர்களும் அவர்களுக்கு வேலை செய்பவர்களும் கேட்பவை சில.

எந்த நிலையங்களைக் கேட்க வேண்டும்?

மத்திய அலையில் (ஏஎம்) 820, டபிள்யூசிபிடி. முற்போக்குப் பேச்சு வானொலி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்ட நிலையம் இதுதான். 2005இல் 850ஆம் எண்ணில், பகலில் மட்டும் ஒலிக்கும் நிலையமாகத் தொடங்கிப் பிறகு 820க்கு மாறியது. தொடங்கியவர் நியூஸ்வெப் நிறுவனத்தின் ஃபிரெட் ஐக்கனர். டெமாக்ரட் கட்சிக்குப் பெருந்தொகை கொடுப்பவர்களில் ஒருவர்.

அடுத்தது 1690, டபிள்யூவிஓஎன். கறுப்பின மக்களின் பேச்சு நிலையம். முற்போக்கு என்ற முத்திரையை அது தேடிப் போவதில்லை. காவல்துறை பற்றியோ சொத்து வரி பற்றியோ அங்கே பேச வருபவர்கள் ஒரே அணியாகவும் இருக்க மாட்டார்கள். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள் என்போம்.

வலதுசாரி எதிர்முகாமில் 890 டபிள்யூஎல்எஸ், 560 டபிள்யூஐஎன்டி. இவற்றையும் அவ்வப்போது கேட்பது நல்லது. மேயர் மீது நாளைக்கு வரப்போகும் குற்றச்சாட்டு பெரும்பாலும் இன்றைக்கே அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ஊரே டெமாக்ரட் கோட்டை. அங்கே முற்போக்கு வானொலிக்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. சிகாகோவில் 1931க்குப் பிறகு ரிபப்ளிகன் மேயர் கிடையாது. மாநகர சபையின் 50 வார்டுகளிலும் பெரும்பாலும் டெமாக்ரட்கள்தான். மேயர் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே வராது. பெப்ரவரியில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் ஏப்ரலில் மறுதேர்தல். 2023இல் அப்படி மோதியவர்கள் பிராண்டன் ஜான்சனும் பால் வாலஸும். இருவருமே டெமாக்ரட்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஒருவருக்குப் பின்னால் ஆசிரியர் சங்கம், மற்றவருக்குப் பின்னால் காவலர் சங்கம். ஜான்சன் சுமார் 52க்கு 48 என்ற கணக்கில் வென்றார்.

ஆக, இங்கே சண்டை கட்சிக்குள்ளே நடப்பது. நாடு முழுவதும் ஒலிக்கும் முற்போக்கு நிகழ்ச்சிகள் ரிபப்ளிகன்களைத் திட்டித் தீர்க்கும். அதைக் கேட்டு உங்கள் வார்டில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்ய முடியாது. டிஃப் என்ற வரித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தின் சொத்து மதிப்பை அன்றைய அளவில் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் ஏறும் மதிப்புக்கான வரியை 23 ஆண்டுகள் தனிக் கணக்கில் போடுவார்கள். பள்ளிக்கும் பூங்காவுக்கும் போக வேண்டிய பங்கு அதில் மாட்டிக்கொள்ளும். இதைப் பற்றி வாஷிங்டனிலிருந்து பேசும் தொகுப்பாளருக்கு எதுவும் தெரியாது. ஈயக் குடிநீர்க் குழாய்கள், ஒரு வார்டின் கட்டட அனுமதியை அந்த வார்டு உறுப்பினர் ஒருவரே முடக்கிவைக்கும் வழக்கம் எல்லாம் இதே ரகம்தான்.

அதனால் 820ஐப் போட்டால் எது உள்ளூர் நிகழ்ச்சி, எது வெளியிலிருந்து வாங்கியது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த ஜோன் எஸ்பொசிட்டோவின் நிகழ்ச்சி உள்ளூர். ஸ்டெஃபனி மில்லர், டாம் ஹார்ட்மன் போன்றவர்களுடையது நாடு முழுவதற்குமானது.

820 பகலில் நன்றாகக் கேட்கிறது. இருட்டியதும் காணாமல் போகிறதே?

உங்கள் ரேடியோ பழுதாகவில்லை. மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் பரவும். சூரியன் மறைந்ததும் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைல் தாண்டியும் போய் விழும். 820ஆம் எண்ணில் மூத்த உரிமையாளர் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் டபிள்யூபிஏபி, 50,000 வாட். இரவில் அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காக டபிள்யூசிபிடி தன் திறனை 1,500 வாட்டுக்குக் குறைத்து, அலையையும் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் விட வேண்டும். பகலில் அதன் திறன் இதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எதிர்முகாமின் 890க்கோ இரவும் பகலும் 50,000 வாட்.

குளிர்காலத்தில் இது இன்னும் கொடுமை. டிசம்பரில் சிகாகோவில் மாலை 4:20க்கே சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் விட்டுக் காரை எடுக்கும் நேரத்தில்தான் பேச்சு வானொலிக்குக் கூட்டம் சேரும். அந்த நேரத்தில் சமிக்ஞை மெலிந்துவிடும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. கையடக்க ரேடியோவுக்குள் படுக்கைவாட்டில் ஒரு ஃபெரைட் கம்பி இருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஆன்டெனா. மேலே இழுக்கும் கம்பி எஃப்எம்முக்கு மட்டும். ஃபெரைட் கம்பியின் நுனி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்து வருவது மங்கும். டெக்சஸ் நிலையம் மேலே ஏறி வந்தால், ரேடியோவின் பக்கவாட்டு நுனி தென்மேற்கைப் பார்க்கும்படி மெல்லத் திருப்புங்கள். சில டிகிரியில் வித்தியாசம் தெரியும். உங்கள் வீட்டுக்கு 820இன் கோபுரமும் அதே திசையில் அமைந்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. செயலியில் கேட்க வேண்டியதுதான்.

பகலிலும் ஒரே இரைச்சல்.

பெரும்பாலும் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். எல்இடி விளக்குகளின் மின்மாற்றி, மலிவான ஃபோன் சார்ஜர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு, வீட்டின் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் இரைச்சல் நிற்கிறதோ அந்த அறையில் தேடுங்கள். எல்லாவற்றையும் அணைத்தும் நிற்கவில்லை என்றால் பக்கத்து வீடு அல்லது தெரு மின்கம்பி. எஃகுச் சட்டத்தில் எழும்பிய உயரக் குடியிருப்பில் ஜன்னலோரம் தவிர வேறெங்கும் எடுக்காது.

மின்சாரக் கார் வாங்குபவர்கள் மத்திய அலை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டன.

நிகழ்ச்சிக்கு ஃபோன் செய்து பேச என்ன வழி?

முதலில் வானொலியில் கேளுங்கள், செயலியில் அல்ல. செயலி அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கி ஓடும். நீங்கள் டயல் செய்யும்போது அங்கே தலைப்பே மாறியிருக்கும்.

இடைவேளை விளம்பரம் தொடங்கியவுடன் அழையுங்கள். அப்போதுதான் பழைய அழைப்புகள் துண்டிக்கப்பட்டு லைன்கள் காலியாகும். முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் அல்ல, அழைப்புகளை வடிகட்டும் உதவியாளர். பெயர், பகுதி, என்ன பேசப்போகிறீர்கள் என்ற மூன்றைத்தான் கேட்பார். பதில் ஒரு வரியில் இருக்க வேண்டும். ஏனென்றால் தொகுப்பாளர் முன்னால் உள்ள திரையில் “லைன் 3, ராஜ், ஆல்பனி பார்க், ஈயக் குழாய் மாற்ற இரண்டு வருடக் காத்திருப்பு” என்று ஒரு வரிதான் ஏறும். ஆறு வரிகளில் எதை எடுப்பது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். “மேயரைப் பற்றிச் சில கருத்துகள்” என்று சொன்னவர் அரை மணி நேரம் காத்திருந்து வைத்துவிட்டுப் போவார். வார்டு எண், தெரு, பஸ் எண் என்று சொல்பவர் முந்துவார். “நான் உடன்படவில்லை” என்று உதவியாளரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். மாற்றுக் கருத்துக்காரரை வரிசையில் முன்னே தள்ளும் தொகுப்பாளர்கள் நிறைய உண்டு.

காத்திருக்கும்போது ரேடியோவை முழுவதும் அணைத்துவிடுங்கள். ஒலிபரப்பு சில விநாடிகள் தாமதமாகத்தான் வெளியே போகும். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் ஒரு பொத்தானை அழுத்தி அந்தப் பகுதியை விழுங்கிவிடுவதற்காக இந்த ஏற்பாடு. உங்கள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் குரலே தாமதமாகக் காதில் விழுந்து நாக்கு குழறும். புதியவர்கள் சொதப்புவதில் பாதிக்கு மேல் இதனால்தான். ஸ்பீக்கர் ஃபோன் கூடாது. ஓட்டிக்கொண்டே பேசுவதும் கூடாது.

ஒலிபரப்பில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம். “நீண்ட நாள் நேயர், முதல் முறை அழைக்கிறேன்” என்று அதில் பத்து விநாடியைக் கரைக்காதீர்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வரட்டும், இரண்டாவதில் ஆதாரம். மூன்றாவதாக தொகுப்பாளரிடமோ விருந்தினரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்டால் உடனே துண்டிக்க மாட்டார்கள். கவுன்சிலர் யாராவது விருந்தினராக இருந்தால் “இந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களிப்பீர்களா” என்று கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்பது பதிவாகிவிடும்.

நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை. பேசலாமா?

அழைப்பவர் குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. பணம்தான் வேறு விஷயம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் மத்திய, மாநில, நகரத் தேர்தல் எதற்கும் நன்கொடை கொடுக்கச் சட்டம் தடை செய்கிறது. எச்1பியில் இருப்பவர் வேட்பாளருக்கு ஐந்து டாலர் கொடுத்தாலும் தவறு. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம், ஓட்டுத்தான் போட முடியாது.

தொகுப்பாளர் ஒரு மணி நேரம் எங்கள் அமைப்பைத் தாக்கினார். பதில் சொல்ல நேரம் கேட்க உரிமை உண்டா?

இல்லை. மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949இல் வந்த நியாய ஒலிபரப்பு விதியை, வானொலிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையமான எஃப்சிசி 1987இல் கைவிட்டது. தனிநபர் தாக்குதலுக்குப் பதில் நேரம் என்ற துணை விதி 2000 வரை உயிரோடு இருந்து நீதிமன்றத்தில் முடிந்தது. இன்றைக்கு எஞ்சியிருப்பது அவதூறு வழக்கு மட்டும். அது நீண்ட, செலவான பாதை. நிலையத்தின் தயாரிப்பாளருக்கு ஒரு பத்தியில் மின்னஞ்சல் அனுப்பி, பேசக்கூடிய ஒருவரின் பெயரையும் எந்த நேரம் வர முடியும் என்பதையும் தருவது அதைவிட வேகமாக வேலை செய்யும். நாள்தோறும் மூன்று மணி நேரத்தை நிரப்ப வேண்டியவர்களுக்கு விருந்தினர் எப்போதும் தேவை.

அப்படியானால் வேட்பாளர்களுக்குச் சம நேரம் என்பது?

அது வேறு சட்டம், இன்னும் இருக்கிறது. மத்தியத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு. வேட்பாளரின் குரல் ஒலிபரப்பில் வந்தால், அதே பதவிக்குப் போட்டியிடும் மற்றவர் அதற்குச் சமமான வாய்ப்பைக் கேட்கலாம். இதில் பலரும் கோட்டை விடும் இடங்கள் இவை.

ஏழு நாட்களுக்குள் கேட்க வேண்டும். எட்டாம் நாள் கேட்டால் நிலையம் மறுக்கலாம். நிலையம் தானாக உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது. செய்தி, செய்திப் பேட்டி, நேரடிச் செய்தி நிகழ்வு ஆகியவற்றுக்கு 1959 முதல் விலக்கு உண்டு. ஆகவே தொகுப்பாளர் வேட்பாளரைப் பேட்டி எடுத்தால் பெரும்பாலும் சம நேரம் கேட்க முடியாது. எதிராளி காசு கொடுத்து வாங்கினால் நீங்களும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்; சமம் என்பது இலவசம் அல்ல.

தொகுப்பாளரே தேர்தலில் நின்றால் அவர் பேசும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். அதனால்தான் மனுத் தாக்கல் செய்தவுடன் நிலையங்கள் அவரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுகின்றன.

வார்டு வேட்பாளர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நியாயமான நேரத்தை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மத்தியப் பதவி வேட்பாளர்களுக்கு மட்டும்தான். காங்கிரஸுக்கு நிற்பவருக்கு அந்த உரிமை உண்டு. 35ஆவது வார்டுக்கு நிற்பவருக்கு இல்லை. நகரப் பதவிகளுக்கு விளம்பரமே எடுக்க மாட்டோம் என்று ஒரு நிலையம் சொன்னால் சட்டப்படி சரிதான். விற்றால் எல்லோருக்கும் விற்க வேண்டும். முதன்மைத் தேர்தலுக்கு 45 நாள் முன்பிருந்தும் பொதுத் தேர்தலுக்கு 60 நாள் முன்பிருந்தும், பெரிய வணிக விளம்பரதாரருக்குக் கொடுக்கும் மிகக் குறைந்த கட்டணத்தில்தான் தர வேண்டும். இந்தச் சலுகைக்கு விளம்பரத்தில் வேட்பாளரின் சொந்தக் குரல் வேண்டும். ஆதரவுக் குழுக்கள் போடும் விளம்பரங்களுக்குச் சலுகை கிடையாது; அவர்களிடம் நிலையம் கேட்பதுதான் விலை.

யார் எவ்வளவு கொடுத்து விளம்பரம் வாங்கினார்கள் என்று பார்க்க முடியுமா?

முடியும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எஃப்சிசியின் இணையப் பொதுக் கோப்பில் நிலையத்தின் அழைப்பெழுத்துகளை (டபிள்யூசிபிடி போன்றவை) போட்டுத் தேடுங்கள். அரசியல் கோப்பு என்ற உறையைத் திறந்து, ஆண்டு, பிறகு மத்திய, மாநில, உள்ளூர் என்ற பிரிவு, பிறகு வேட்பாளர் பெயர் என்று உள்ளே போகலாம். ஒப்பந்தம் பிடிஎஃபாக இருக்கும். எத்தனை முறை, எந்த நேரம், ஒன்றுக்கு என்ன விலை, பொருளாளர் யார் எல்லாம் தெரியும். இந்தக் கோப்பை நிலையம் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

உள்ளூர் வாக்கெடுப்புகளில் மட்டும் இந்தக் கோப்பு கைகொடுக்காது. 2024 மார்ச்சில் விலையுயர்ந்த சொத்து விற்பனைக்கு வரியைக் கூட்டி வீடற்றோருக்குச் செலவிடும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு, கொடுத்த அமைப்பின் நிர்வாகிகள் பட்டியல் கோப்பில் இருந்தால் போதும், தொகை இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தொகை வேண்டுமானால் இல்லினாய் மாநிலத் தேர்தல் வாரியத்தின் நிதி அறிக்கைகளைப் பார்க்க வேண்டும்.

முற்போக்குப் பேச்சு வானொலி ஏன் காசு பார்ப்பதில்லை?

இதற்குச் சொல்லப்படும் எளிய பதில், முற்போக்காளர்களுக்குக் கோபம் போதாது என்பது. எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோபமான ஆட்கள் சிகாகோவில் தட்டுப்பாடே இல்லாமல் கிடைக்கிறார்கள்.

உண்மையான காரணங்கள் வறட்சியானவை. 50,000 வாட் நிலையங்கள் பெரிய நிறுவனங்களிடம் முன்பே போய்விட்டன. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் அந்தக் குவிப்பை வேகப்படுத்தியது. மிச்சமிருந்த பலவீனமான எண்களில்தான் முற்போக்கு நிகழ்ச்சிகள் ஏறின. கேட்கக்கூடியவர்களும் சிதறிக் கிடந்தார்கள்: ஒரு பகுதி பொது வானொலியில், இன்னொரு பகுதி கறுப்பின, ஸ்பானிய நிலையங்களில். விளம்பரதாரர்களும் ஒதுங்கினார்கள். தங்கள் விளம்பரம் முற்போக்குப் பேச்சு வலையமைப்பான ஏர் அமெரிக்காவில் வரவே கூடாது என்று கேட்டுக்கொண்ட சுமார் 90 நிறுவனங்களின் பட்டியல், ஏபிசி வானொலியின் உள்குறிப்பாக 2006இல் வெளியே கசிந்தது.

அந்த ஏர் அமெரிக்கா 2004 மார்ச் 31 அன்று பெரிய ஆரவாரத்தோடு தொடங்கியது. சிகாகோவில் 950ஆம் எண்ணில் ஒலித்தது. நிலைய உரிமையாளருடன் பணத் தகராறு வந்து, இரண்டு வாரத்தில் சிகாகோவிலிருந்து இறங்கியது. 2006இல் திவால் மனு, 2010 ஜனவரியில் மூடல். ஒரு முழு வலையமைப்பை ஒரே நாளில் கட்டி, எல்லா ஊருக்கும் ஒரே பேச்சை அனுப்பியதுதான் அதன் அடிப்படைத் தவறு என்பது எங்கள் கணிப்பு.

பணக் கணக்கு இப்படி ஓடும். வெளி நிகழ்ச்சியை நிலையம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; பதிலுக்கு மணிக்குச் சில நிமிட விளம்பர நேரத்தை வலையமைப்பு வைத்துக்கொள்ளும். உள்ளூர் நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர், தயாரிப்பாளர், அழைப்பு எடுப்பவர் என்று மூன்று சம்பளம். எது முதலில் வெட்டுப்படும் என்று சொல்லத் தேவையில்லை. சங்கங்களின் ஆதரவும் உரிமையாளரின் சொந்தப் பணமும் இருந்தால்தான் உள்ளூர் மணிநேரங்கள் நிற்கும்.

தொழிற்சங்கமே நிலையம் நடத்தலாமே?

நடத்தியது. சிகாகோ தொழிலாளர் கூட்டமைப்பு 1926இல் டபிள்யூசிஎஃப்எல்லைத் தொடங்கியது; எட்வர்ட் நாக்கல்ஸ் அதன் உந்துசக்தி. தொழிலாளர் நிலையம் ஒரு சாராருக்கான பிரசாரம் என்ற பார்வை அன்றைய வானொலி ஒழுங்காற்றுக் குழுவிடம் இருந்தது. முதலாளி நடத்தும் நிலையம் பொதுநலம், தொழிலாளி நடத்தினால் பிரசாரம். 1928இல் அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தபோது அதன் நேரமும் திறனும் சுருங்கின. போராடிப் பிற்பாடு 50,000 வாட் வாங்கினார்கள். ஆனால் 1960களில் அது பாப் இசை நிலையமாகிவிட்டது. 1970களின் இறுதியில் விற்றேவிட்டார்கள். அது ஒலித்த 1000ஆம் எண்ணில் இன்று விளையாட்டுப் பேச்சு ஓடுகிறது.

1983இல் ஹரால்ட் வாஷிங்டன் நகரின் முதல் கறுப்பின மேயரானதில் வானொலிக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் வானொலி தனியாகச் செய்யவில்லை. டபிள்யூவிஓஎன் 1963இல் செஸ் சகோதரர்கள் வாங்கியபோது வெறும் 1,000 வாட் நிலையம். கோபுரம் மேற்குப் பக்கத்தை ஒட்டி இருந்ததால், கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் மட்டும் கணீரென்று கேட்டது. அதுவே போதுமாக இருந்தது. வெஸ்லி சவுத்தின் ‘ஹாட்லைன்’ அங்கே இரவில் மக்களை ஃபோனில் பேசவிட்டது.

1982இல் பத்திரிகையாளர் லூ பாமர், “83இல் பார்த்துக்கொள்வோம்” என்ற முழக்கத்தோடு வாக்காளர் பதிவுக்குக் களமிறங்கினார். அவருடைய வானொலி உரைகளுக்குக் காசு கொடுத்துவந்த தொலைபேசி நிறுவனம் அதே காலத்தில் விலகிக்கொண்டது. தலைமுடிப் பராமரிப்புப் பொருள் தயாரிப்பாளர் எட் கார்ட்னர் விளம்பரச் செலவை ஏற்றார். அந்த இலையுதிர்காலத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் பதிந்தார்கள். அப்போதிருந்த டெமாக்ரட் கட்சி முதன்மைத் தேர்தலில் வாஷிங்டன் வாங்கியது சுமார் 36 விழுக்காடு; போட்டியாளர்கள் பர்னும் டேலியும் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள். ஏப்ரலில் 52க்குச் சற்றுக் குறைவாக வாங்கி மேயரானார். பிறகு 50 பேர் சபையில் 29 பேர் எதிராக நின்று மூன்று ஆண்டுகள் அவரை வேலை செய்யவிடாமல் அடித்ததும், 1986 சிறப்புத் தேர்தலில் 25க்கு 25 ஆனதும் தனிக் கதை.

கவனிக்க வேண்டியது வரிசை. வானொலி பேசியது, பேச்சோடு பதிவு மேசை எங்கே என்ற முகவரியும் வந்தது, மேசையில் ஆள் இருந்தார். இதில் கடைசி இரண்டும் இல்லாமல் நடத்தப்படும் நிகழ்ச்சி பொழுதுபோக்கு.

பொது வானொலி டபிள்யூபிஇஇசட் முற்போக்கு நிலையமா?

அல்ல. செய்தி நிலையம். வேட்பாளரை ஆதரிக்கச் சட்டமே தடுக்கிறது. 2022இல் சன் டைம்ஸ் நாளிதழும் அதே அமைப்பின் கீழ் வந்தது; மாநகர சபைச் செய்திக்கு இரண்டையும் சேர்த்துக் கேட்பது, படிப்பது பயனுள்ளது.

அடுத்த மேயர் தேர்தல் எப்போது?

2027 பெப்ரவரி 23. மறுதேர்தல் வந்தால் ஏப்ரல் 6. அதற்கு முன் 2026 நவம்பரில் பள்ளி வாரியத்தின் 21 இடங்களுக்கும் முதன்முறையாக முழுத் தேர்தல். இதைத்தான் வானொலிகள் குறைவாகப் பேசும். ஃபோன் செய்பவர்கள் கேட்டால் பேசுவார்கள்.

நாங்களே ஒரு நிகழ்ச்சி நடத்த முடியுமா?

இரண்டு வழி. குறைந்த திறன் எஃப்எம் உரிமம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மட்டும். உச்சம் 100 வாட், கேட்கும் தூரம் கோபுரத்திலிருந்து சுமார் மூன்றரை மைல். பிரிட்ஜ்போர்ட்டில் 105.5இல் ஒலிக்கும் லம்பன் ரேடியோ அப்படிப்பட்டது (ஐந்து மேயர்களை ஈன்ற அந்தப் பகுதியில் அது இருப்பது வேடிக்கைதான்). விளம்பரம் விற்க முடியாது, வேட்பாளரை ஆதரிக்கவும் முடியாது. விண்ணப்ப வாசல் எப்போதாவதுதான் திறக்கும். கடைசியாக 2023 டிசம்பரில் திறந்தது.

மற்றது, வணிக நிலையத்தில் வாரக் கடைசியில் ஒரு மணி நேரத்தை விலைக்கு வாங்குவது. வழக்கமாக 13 வார ஒப்பந்தம் போடுவார்கள். கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒலிப்பதிவாளர் சம்பளம் யாருடையது, விளையாட்டு ஒலிபரப்பு வந்தால் உங்கள் நேரம் தள்ளிப்போகுமா, விளம்பரத்தை நீங்களே விற்கலாமா, பதிவின் உரிமை யாருக்கு. காசு கொடுத்து வாங்கிய நேரம் என்று நிகழ்ச்சியில் அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். அந்த வரியை உங்கள் குரலிலேயே பதிந்து கொடுத்துவிட்டால் நிலையம் மறக்காது.